தோட்டத்துச் சாளையில் பாம்பும் பறவையும் பூச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களில் தோட்டத்துச் சாளையிலேயே (தோட்ட வீட்டிலேயே) குடியிருப்பவர்களும், நகரத்து வேலையை விட்டுத் திரும்பி வந்து பூர்வீகத் தோட்டத்தில் வீடு கட்டிக்கொண்டவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. நம் தோட்டங்களில் அடித்துக் கொல்லப்படும் உயிர்களில் பல, யாருக்கும் தீங்கு செய்யாதவை. உண்மையிலேயே அஞ்ச வேண்டியவற்றிடமோ நாம் போதிய எச்சரிக்கையுடன் இருப்பதில்லை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதே இத்தொகுப்பின் நோக்கம்.

சாளையைச் சுற்றிப் பாம்பு நடமாட்டம் அதிகமாக இருக்கிறது. எவற்றுக்கு அஞ்ச வேண்டும்?

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் ஒவ்வொரு தோட்டக்காரரும் அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். படமெடுப்பதால் நல்ல பாம்பை எல்லோரும் அறிவர். கண்ணாடி விரியன் தடித்த உடலும், முதுகில் சங்கிலி போல மூன்று வரிசையில் அமைந்த பழுப்புநிறப் புள்ளிகளும் கொண்டது. நெருங்கினால் நீண்ட, உரத்த சீற்றம் கேட்கும். வரப்போரத்திலும் கரும்புக் காட்டிலும் நெல் வயலிலும் எலியைத் தேடிக் கிடக்கும் இப்பாம்பு, ஆள் வரும் அதிர்வை உணர்ந்தும் விலகாமல் அதே இடத்திலேயே சுருண்டு கிடப்பதால்தான் மிதிபடுகிறது. சுருட்டை விரியன் ஓரிரு அடி நீளமே இருக்கும். தாராபுரம், காங்கேயம், அரவக்குறிச்சிப் பக்கத்து வறண்ட மேட்டாங்காடுகளிலும் கல் குவியல்களிலும் வாழும். பக்கவாட்டுச் செதில்களை ஒன்றோடொன்று உரசி, அரத்தால் அராவுவது போன்ற ஓசை எழுப்பும். அளவில் சிறியது என்று அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

கட்டுவிரியன் ஏன் வீட்டுக்குள் வருகிறது?

இந்த நான்கில் நம் சாளைகளுக்கு மிகவும் ஆபத்தானது எதுவென்று கேட்டால், கட்டுவிரியன் என்றே நான் சொல்வேன். பகலில் வளையிலோ செங்கல் அடுக்கிலோ முடங்கிக் கிடந்து, இரவில் பிற பாம்புகளையும் பல்லி, எலி, தவளை ஆகியவற்றையும் தேடி வெளியே வரும். இரை தேடி அலையும்போது கதவிடுக்கு வழியாக உள்ளே நுழைந்து, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரின் அருகே வந்துவிடும். தூக்கத்தில் அவர் புரண்டு கையோ காலோ அதன் மேல் பட்டால் கடிக்கும். பல்தடம் கொசுக்கடி அளவுக்குக்கூடத் தெரியாமல் போகலாம். வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே தரையில் படுத்திருந்த ஒருவர் நள்ளிரவுக்குப் பின் காரணமில்லாத கடும் வயிற்றுவலியுடன் எழுந்தாலோ, இமைகளைத் தூக்க முடியாமல் தடுமாறினாலோ, எச்சில் விழுங்கச் சிரமப்பட்டாலோ, பாம்பைக் கண்ணால் காணாவிட்டாலும் கட்டுவிரியன் கடியாக இருக்கலாம் என்று கருதி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கட்டில் போட்டுப் படுப்பதும், கொசுவலையின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகி வைப்பதும் இதற்கு மிகச் சிறந்த காப்பு. களத்தில் தானியக் காவலுக்குப் படுப்பவருக்கும், செங்கல் சூளையிலும் தோட்டத்திலும் தங்கி வேலை செய்யும் வெளியூர்க் குடும்பங்களுக்கும் தோட்ட உரிமையாளரே கட்டிலும் வலையும் வாங்கித் தர வேண்டும். தரையில் படுப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம்.

கட்டுவிரியன் என்று எண்ணி அடிக்கப்படும் பாம்புகளில் பல, நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையன்கள். கட்டுவிரியனின் பளபளக்கும் கருமை உடலில் மெல்லிய வெள்ளை வளையங்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாகக் காணப்படும். அவை தலையிலிருந்து சற்றுத் தள்ளியே தொடங்கி, வால் பக்கம் தெளிவாக இருக்கும். வெள்ளிக்கோல் வரையனில் கழுத்துக்கு அருகிலேயே பட்டைகள் தொடங்கி, வாலை நோக்கி மங்கிப் போகும். இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது; ஆயினும் இதை நம்பி எந்தப் பாம்பையும் கையில் எடுக்கக் கூடாது.

கடித்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வைத்து, மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு ஆகியவற்றை வீக்கம் வருவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். கடித்த கையையோ காலையோ எலும்பு முறிவுக்குச் செய்வது போலக் கட்டையை வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டி, 108 ஊர்தியை அழைக்க வேண்டும். ஊர்தி வரத் தாமதமாகும் தோட்டமாக இருந்தால், மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவில் உட்கார வைத்து அழைத்துச் செல்வதே மேல். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துப் பூசுவது ஆகிய எல்லாமே தீங்கானவை. இறுக்கிக் கட்டியதால் காலையே இழந்தவர்கள் உண்டு. மந்திரிக்கச் செல்லும் ஒரு மணி நேரம் உயிரின் விலையாக அமைந்துவிடலாம். பாம்பை அடித்து எடுத்து வரத் தேவையில்லை, ஏனெனில் நம் நாட்டில் தரப்படும் விஷமுறிவு மருந்து மேற்சொன்ன நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் பொதுவானது. அடிக்கப் போனவரையும் அதே பாம்பு கடித்த நிகழ்வுகள் ஏராளம். அரசு மருத்துவமனைகளில் இம்மருந்து கட்டணமின்றிக் கிடைக்கிறது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியதால், தனியார் மருத்துவமனைகளும் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளன.

சிறியாநங்கை நட்டால், பூண்டு அரைத்துத் தெளித்தால், பினாயில் ஊற்றினால் பாம்பு வராதா?

வரும். பாம்பைத் தடுக்க வேண்டுமானால் எலியைத் தடுக்க வேண்டும். தீவன மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குவதும், சோளத்தட்டுப் போரையும் விறகையும் தேங்காய் மட்டைக் குவியலையும் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளிப் போடுவதும், கதவின் அடியிலுள்ள இடுக்கை அடைப்பதும், இரவில் மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் போகும்போது டார்ச் விளக்கும் காலணியும் இல்லாமல் இறங்காதிருப்பதும்தான் பயன் தருபவை.

சாரையும் நல்ல பாம்பும் பிணையும் என்கிறார்களே? கொம்பேறி மூக்கன், அரணை பற்றிய பேச்சுகளும் உண்மையா?

பின்னிப் பிணைந்து எழும் இரு பாம்புகளைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள். அவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். பெண்ணுக்காக ஒன்றையொன்று தரையில் அழுத்த முயன்று மல்லுக்கட்டுகின்றன. சாரை நஞ்சற்றது, அதைப் போல எலி வளைக்குள்ளேயே புகுந்து எலி பிடிக்கும் துணை தோட்டக்காரருக்கு வேறில்லை.

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறி, கடிபட்டவரைச் சுடுகாட்டில் எரிக்கும் புகையைப் பார்த்த பின்னரே இறங்கும் என்பது பாட்டிமார் சொல்லும் கதை. அது பல்லியும் தவளையும் தின்னும் நஞ்சற்ற மரப்பாம்பு. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்துவதில்லை. அதன் மெல்லிய நஞ்சு மனிதருக்கு ஆபத்தானதன்று. அரணை நக்கினால் மரணம் என்பதிலும் உண்மை இல்லை. கரட்டானை (ஓணானை)க் கல்லால் அடிக்கும் சிறுவர்களைப் பெரியவர்கள் தடுக்க வேண்டும், ஏனெனில் அது நாள் முழுவதும் நம் பயிரில் பூச்சி பிடிக்கிறது. மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலை கிடையாது. இலட்சக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி அதைத் தேடி வரும் தரகர்களைத் தோட்டத்துக்குள் விடவே கூடாது. அந்த வியாபாரம் மோசடியும் குற்றமும் ஆகும்.

தேள் கொட்டினால் மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?

பார்க்கவே அச்சம் தரும் பெரிய கருந்தேளைவிட, இரண்டு மூன்று அங்குலமே உள்ள செந்தேள்தான் ஆபத்தானது. அது கொட்டிய சிறுவர்களுக்கு உடல் முழுவதும் வியர்த்து, கைகால் சில்லிட்டு, வாந்தி வந்தால் இதயமும் நுரையீரலும் பாதிக்கப்படத் தொடங்கிவிட்டன என்று பொருள். பிரசோசின் என்ற மாத்திரையை உரிய நேரத்தில் கொடுத்து இத்தகையோரைக் காப்பாற்றலாம் என்று மகாராட்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் இம்மத்ராவ் பாவஸ்கர் காட்டிய பிறகு, தேள்கடியால் நேரும் இறப்புகள் பெருமளவு குறைந்தன. ஆகவே குழந்தையைக் கொட்டினால் காத்திராமல் கிளம்ப வேண்டும். பூரான் கடி கடுமையாக வலித்தாலும் பொதுவாக உயிருக்குத் தீங்கில்லை. புற ஊதா டார்ச் விளக்கின் ஒளியில் தேள் நீலப்பச்சையாக ஒளிரும். இரவில் விறகு எடுக்குமுன் அந்த விளக்கால் ஒருமுறை பார்த்துக்கொள்வது எளிய காப்பு.

காட்டில் வேலை செய்தவருக்கு விடாத காய்ச்சல். பூச்சிக்கடி காரணமாக இருக்குமா?

இருக்கலாம். புதரிலும் புல்லிலும் வாழும் மிகச்சிறிய சிற்றுண்ணிகளின் இளம் பருவம் கடிப்பதால் உண்ணிக் காய்ச்சல் வருகிறது. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவான இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற, வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லோருக்கும் அது தோன்றுவதில்லை. தகுந்த நேரத்தில் டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தைக் கொடுத்தால் எளிதில் குணமாகும் நோய் இது. தாமதித்தால் உயிரைப் பறிக்கும். களை எடுத்தேன், ஆடு மேய்த்தேன் என்பதை மருத்துவரிடம் கேட்காமலே சொல்லிவிட வேண்டும்.

கீரி, குரங்கு, நரி கடித்தால்?

நாய்க்கடியைப் போலவே கருத வேண்டும். சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றி வரும் பூச்சி பட்டால் தோல் வெந்து போகிறது. அது என்ன?

கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறி வரும் மெல்லிய வண்டு அது. ஊரில் ஆசிட் பூச்சி என்கிறார்கள். அது கடிப்பதில்லை. நாம் தட்டி நசுக்கும்போது வெளிப்படும் நீர்தான் தோலைக் கொப்புளிக்க வைக்கிறது. ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தைச் சோப்பால் கழுவினால் போதும். மரவட்டையும், முதல் மழைக்குப் பின் செம்மண்ணில் ஊர்ந்து வரும் சிவப்புப் பட்டுப்பூச்சியும் எவருக்கும் தீங்கு செய்யாதவை.

மரத்தில் மலைத்தேனீ கூடு கட்டியுள்ளது. கலைக்க வேண்டுமா?

ஆள் நடமாட்டம் இல்லாத இடமாக இருந்தால் விட்டுவிடுங்கள். பூ தீர்ந்ததும் அவையே இடம் பெயரும். கல்லெறிவதும், அடியில் புகை போடுவதும், அருகே வெடி வெடிப்பதும்தான் அவற்றைச் சீற வைக்கின்றன. துரத்தினால் நின்று கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓட வேண்டும். கிணற்றிலோ தொட்டியிலோ குதிக்கக் கூடாது. பல கொட்டுகள் பட்டாலோ, ஒரே கொட்டுக்கு மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். கதண்டு என்னும் பெருங்குளவியின் கூடு வீட்டருகே இருந்தால் தீயணைப்புத் துறையை அழைப்பதே சரி. முருங்கை, எள், சூரியகாந்தி, தென்னை ஆகியவற்றில் காய்ப்பு தேனீயை நம்பியிருக்கிறது என்பதால், மருந்து அடித்தே தீர வேண்டிய நாளிலும் பூவில் தேனீ நிற்கும் காலை வேளையைத் தவிர்த்து மாலையில் அடியுங்கள்.

தென்னையில் வெள்ளை ஈ தாக்கி ஓலை கறுத்துவிட்டது. எந்த மருந்து அடிக்கலாம்?

இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் மருந்துக் கடைக்குப் போய்க் கேட்பதில்தான் தவறு தொடங்குகிறது. சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலில் 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில்தான் கண்டறியப்பட்டது. ஓலையின் அடிப்பக்கம் சுருள் சுருளாக முட்டையிட்டுச் சாறு உறிஞ்சும். அது வெளியேற்றும் இனிப்பு நீர் கீழ் ஓலைகளில் படிந்து, அதன் மேல் கரும்பூசணம் வளர்வதால் ஓலை கறுக்கிறது. ஓலையைத் திருப்பி, ஒரு கைலென்சால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளை மெழுகுக்கு நடுவே உள்ள கூட்டுப்புழுக்கள் சிலவற்றில் ஊசியால் குத்தியது போல வட்டமான துளை தெரிந்தால், என்கார்சியா என்ற மிகச்சிறிய குளவி அதற்குள் முட்டையிட்டு, அதன் குஞ்சு உள்ளிருந்தே புழுவைத் தின்று வெளியேறியிருக்கிறது. பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் அழிவது இந்தக் குளவிதான். வெள்ளை ஈ திரும்பி வந்துவிடும்.

அதனால் விசையுடன் நீரைப் பீய்ச்சி ஓலையின் அடிப்பக்கத்தைக் கழுவுவதும், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள்களை மரங்களுக்கிடையே கட்டுவதும், குளவி உள்ள ஓலைத் துண்டுகளை நறுக்கிக் குளவி இல்லாத மரங்களில் செருகுவதும், கரும்பூசணத்தின் மேல் லிட்டருக்கு 25 கிராம் மைதா கலந்த பசையைத் தெளித்து அது காய்ந்து உரிந்து விழச் செய்வதுமே வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் வழிகள்.

குளவியை நம்புவது வெறும் ஆசையா என்று சந்தேகிப்பவர்களுக்கு ஒரு முன்னுதாரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. 2008-இல் கோவையில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பரவி, ஈரோடு, திருப்பூர் விவசாயிகளைப் பரிதவிக்க வைத்தது. எத்தனை முறை மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டு, பெருக்கி, தோட்டங்களில் விடப்பட்டன. மருந்துக்கு அடங்காத அந்தப் பூச்சியைக் கடுகைவிடச் சிறிய குளவிதான் அடக்கியது.

சாளை முகட்டில் கூகை ஆந்தை குடியேறியிருக்கிறது. கெட்ட சகுனமா?

எலித்தொல்லை உள்ள தோட்டத்துக்கு அதைவிட நல்ல விருந்தாளி கிடையாது. அது அமரும் இடத்துக்குக் கீழே கிடக்கும் சாம்பல் நிற உருண்டையைக் குச்சியால் பிரித்துப் பாருங்கள். எலியின் மண்டையோடும் தாடை எலும்பும் முடியும் உள்ளே இருக்கும். செரிக்காதவற்றை அப்படி உருட்டிக் கக்குகிறது. மரம் இல்லாத வயலில் ஆந்தை அமர்வதற்காகக் குறுக்குக் கழி கட்டிய கம்புகளை நடலாம். எலிக்கு வைக்கும் நஞ்சு, அதைத் தின்ற எலி வழியாகக் கூகையையும் கொல்லும். தென்னையில் எலி குரும்பையைக் கடித்தால், மரத்தைச் சுற்றித் தகரப் பட்டை அடித்து ஏறவிடாமல் செய்வதே முதல் வழி.

மயில் விதையைக் கிளறித் தின்றுவிடுகிறது. ஒன்றும் செய்யக் கூடாதா?

நிலக்கடலையும் தக்காளியும் மிளகாய் நாற்றும் அழிவதைக் காலையில் வந்து பார்க்கும் விவசாயியின் வேதனை நியாயமானது. முருகனின் வாகனம் என்று கும்பிட்டுவிட்டு இழப்பை மட்டும் அவரே சுமக்கட்டும் என்பது நீதியாகாது. ஆயினும் மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. கொன்றால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத சிறை. நஞ்சு கலந்த தானியம் வைப்பவர் மயிலோடு கௌதாரியையும் காடையையும் தன் நாயையும் சேர்த்தே கொல்கிறார். விதைத்து முளைத்துப் பயிர் தேறும் வரையுள்ள நாட்களே முக்கியமானவை என்பதால், நாற்றங்காலுக்கு வலை போடுவது, விதைத்த காட்டில் காலையும் மாலையும் ஆள் நிற்பது, காற்றில் மின்னும் நாடாக்களைக் கட்டி இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இடம் மாற்றுவது ஆகியவை ஓரளவு காக்கும். முட்டையையும் குஞ்சையும் தின்னும் நரி குறைந்ததும், ஒளிந்துகொள்ளச் சீமைக்கருவேலம் பெருகியதும் மயில் பெருகியதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. தரிசில் உள்ள சீமைக்கருவேலத்தை அகற்றுவது அதனால் பயனுள்ளது.

காட்டுப்பன்றிக்கு மின்வேலி போடலாமா?

மின்கம்பத்திலிருந்தோ மோட்டார் அறையிலிருந்தோ நேரடியாகக் கம்பியில் மின்சாரம் விடுவது கொலைக்குச் சமம். யானை, மாடு மட்டுமன்றி, இரவில் தண்ணீர் கட்டப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் இதில் இறந்துள்ளனர். விட்டு விட்டுத் துடிக்கும் சூரிய மின்வேலி அதிர்ச்சி தரும், கொல்லாது. அதையும் 2023-ஆம் ஆண்டு வெளியான தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். உணவுக்குள் வெடிமருந்தை மறைத்த அவுட்டுக்காய் வைப்பது பெருங்குற்றம். அதைக் கடித்த யானை வாய் கிழிந்து பல நாள் பட்டினி கிடந்து சாகிறது. பழைய சேலைகளை வரப்பைச் சுற்றிக் கட்டுவது சில வாரங்கள் பலன் தரும். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடுவதற்கு 2025 ஜனவரியில் அரசு வழி செய்துள்ளது. ஆகவே சேதத்தைப் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்தில் கொடுங்கள்.

மலையடிவாரத் தோட்டத்துக்கு யானை வருகிறது. என்ன செய்வது?

தடாகம், நரசீபுரம், மதுக்கரைப் பக்கத்து வீடுகளில் யானை சுவரை இடிப்பது பெரும்பாலும் உள்ளேயுள்ள அரிசி, தவிடு, புண்ணாக்கின் வாசனையால்தான். ஆள் படுக்கும் அறையில் அவற்றை வைக்கக் கூடாது. நாய் இடைவிடாமல் குரைத்தால் கதவைத் திறந்து பார்க்கப் போகாமல், உள்ளேயே இருந்து வனத்துறைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

கரூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் தேவாங்கு கண்டோம். தெரிவிக்க வேண்டுமா?

காயம் பட்டிருந்தால் தெரிவிக்க வேண்டும்; இல்லையெனில் அப்படியே விட்டுவிடலாம். இரவெல்லாம் பூச்சி தின்னும் இந்தச் சாதுவான உயிருக்காகத்தான் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 2022-இல் இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயமாகக் கடவூர் அறிவிக்கப்பட்டது. மாந்திரீகத்துக்கு என்று யாராவது விலை பேசினால் வனத்துறையிடம் சொல்லுங்கள்.

கிளுவை வேலியை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போடலாமா?

முடிந்தவரை வேண்டாம் என்றே சொல்வேன். காங்கேயம் பகுதியின் கொரங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரங்களையும் சுற்றி நிற்கும் கிளுவை வேலிதான் கீரிக்கும் உடும்புக்கும் கௌதாரிக்கும் முயலுக்கும் வீடு. எலியையும் வெட்டுக்கிளியையும் நமக்காகத் தின்பவை அங்கிருந்துதான் வருகின்றன. வேலியை அழித்தவர், அந்த வேலையைப் பின்னர் காசு கொடுத்து மருந்தால் செய்துகொள்ள நேர்கிறது. வெட்டி ஒழுங்குபடுத்த வேண்டுமானால் ஒரே நேரத்தில் முழுவதையும் வெட்டாமல், ஆண்டுக்கு ஒரு பக்கமாக வெட்டுங்கள்.

கிணற்றில் விழுந்த உயிரை எப்படி மீட்பது?

நம் பகுதிக் கிணறுகள் ஆழமானவை. பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவரே இல்லை. கீரி, மரநாய் போன்ற சிற்றுயிர்களுக்கு இலை தழையுடன் கூடிய நீளமான கிளையையோ, முடிச்சிட்ட தடித்த கயிற்றையோ இறக்கி வைத்துவிட்டு விலகி நின்றால், இருட்டியதும் தாமாகவே ஏறிவிடும். மான், காட்டுப்பன்றி, பாம்பு விழுந்தால் தீயணைப்புத் துறையையும் வனத்துறையையும் அழைக்க வேண்டும். யாரும் கயிறு கட்டி இறங்கக் கூடாது, ஏனெனில் பயன்படுத்தாத கிணற்றில் நச்சுக்காற்று தேங்கியிருக்கலாம். பயன்பாட்டில் இல்லாத கிணற்றுக்கு மூன்றடிச் சுவரும் மேலே கம்பி வலையும் போடுவதை இந்தக் கோடையிலேயே முடித்துவிடுங்கள்.